சனிக்கிழமை எண்ணெயும் என் மானிட்டரும்

ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர் வயிற்றைப் பார்ப்பார், நர்ஸ் டாக்டரின் கையைப் பார்ப்பார், மயக்க மருந்து டெக்னீஷியனான நான் மானிட்டரை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். இதயத் துடிப்பு, பிரஷர், இவைதான் என் பிழைப்பு. அலாரம் சத்தம் கனவிலும் கேட்கிற சக ஜீவன்களே, காத்திவாக்கம் ஏழுமலையின் கதையைக் கேளுங்கள்.

காய்ப்பு

ஏழுமலை மீனவர். வயிற்றில் கட்டி. மயக்கம் கொடுக்கும் முன், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் கிளிப்பை அவர் விரலில் மாட்டினேன், மானிட்டரில் எண்ணே வரவில்லை. வலை இழுத்து இழுத்துக் காய்த்துப்போன விரல்கள். பத்தையும் முயன்று பார்த்துவிட்டுக் கடைசியில் காது மடலில் மாட்டிய பிறகுதான் எண் வந்தது. அதுவரை பெட்டியையே முறைத்துக்கொண்டிருந்தவர் கேட்டார்:

"நான் கீறனா, பூட்டனா? பாத்து கரீட்டா சொல்லும்மா."

குளியல்

ஆபரேஷனுக்குக் குளித்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். அன்று சனிக்கிழமை. சனிக்கிழமையில் ஆண்பிள்ளை எண்ணெய் தேய்க்காமல் குளிப்பானா? அவர் மனைவி செல்வி வீட்டிலிருந்து நல்லெண்ணெய் கொண்டுவந்து நெஞ்சு மினுமினுக்கத் தேய்த்துவிட்டிருக்கிறார். நாங்கள் மருந்து போட்டுத் துடைத்ததோ வயிற்றை மட்டும்.

கத்தி வைத்துக் கொஞ்ச நேரத்தில், இதயத் துடிப்பை மானிட்டருக்கு அனுப்ப நெஞ்சில் ஒட்டிய ஸ்டிக்கர்கள் வழுக்கின. திரையில் நேர்கோடு, அலாரம். எல்லோர் கையும் நின்றது. கழுத்தைத் தொட்டேன், பல்ஸ் ஜோராக இருந்தது. ஸ்பிரிட்டால் துடைத்து மறுபடி ஒட்டினேன். மறுபடியும் வழுக்கியது. சர்ஜன் பொறுமை இழந்தார்:

"ஒட்டத் தெரியலைன்னா அந்த அலாரத்தையாவது அணைச்சுத் தொலைங்க."

மூன்றாவது முறை

இன்னொரு முறை அழுத்தித் துடைத்து ஒட்டினேன், அலாரத்தை அணைக்கவில்லை. பயத்தில்தான், வீரத்தில் இல்லை. அரை மணி கழித்து மறுபடி அலாரம். "என்ன, இன்னும் எண்ணெய் வடியுதா?" என்றார் சர்ஜன், நிமிராமலே. ஸ்டிக்கரைப் பார்த்தேன், ஒட்டியபடியே இருந்தது. கழுத்தைத் தொட்டேன். பல்ஸ் நூலாக இழுத்துக்கொண்டு ஓடியது. "சார், எண்ணெய் இல்ல. பிரஷர் அறுபது!"

கட்டிக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. மயக்க டாக்டர் ரத்தம் ஏற்ற, சர்ஜன் கசிந்த ரத்தக் குழாயைத் தேடிப் பிடித்துக் கட்டினார். கையுறையைக் கழற்றும்போது என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"நல்லவேளை, என் பேச்சை நீங்க கேக்கல."

டிஸ்சார்ஜ்

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் ஏழுமலை சர்ஜனைக் கும்பிட்டார், நர்ஸைக் கும்பிட்டார். வராந்தாவில் என்னைக் கண்டதும் நின்றார்.

"உன்னிய ஞாபகம் கீதும்மா. எனக்கு வவுத்த அறுக்க மயக்கம் குடுக்க சொல்லோ, நீ மட்டும் டிவி பாத்துகினு குந்தினிருந்தியே, இன்னா படம் அது?"

கடைசி வரைக்கும் ஒன்றுமே நடக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு பார்க்கிற படம் உலகத்திலேயே அது ஒன்றுதான்.