ஏழாம் நம்பரில் தெரிந்த வானம்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் இருந்தது மொத்தம் நாலு பேர். நான், என் மனைவி கஸ்தூரி, காலேஜ் லீவுக்கு வந்திருந்த மகள் பூர்ணிமா, டிவி பெட்டிக்கு ரீசார்ஜ் போட வந்த கேபிள் ஆபீஸ்காரர். பூனையை நான் சேர்க்கவில்லை, அது பாதியில் எழுந்து போய்விட்டது. ரீசார்ஜ் ஏறினதும் பூர்ணிமா சேனல் சேனலாகத் தள்ளிக்கொண்டே போய் ஒரு பக்தி சேனலில் நின்றாள். அதில் ஒரு ஆள் குக்கரைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பத்து நிமிஷத்துக்குள் போன் போட்டால் தோசைக்கல் இலவசம் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"சாமி சேனல்ல இன்னாத்துக்குப்பா குக்கர் விக்கிறாங்க?" என்றாள் பூர்ணிமா.

"சாமிக்கு மட்டும் பொங்கல் வைக்க வேணாமா?" என்றார் கேபிள்காரர்.

எல்லோரும் சிரித்தோம். கஸ்தூரி மட்டும் சிரிப்புக்கு நடுவில் என்னைப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது, அவளுக்கும் என் சிநேகிதன் டில்லியின் சேனல்தான் ஞாபகம் வந்திருக்கிறது.

எங்கள் ஆரணியில் ஒரு காலத்தில் வெறும் வானத்தை மட்டும் காட்டுகிற சேனல் ஒன்று இருந்தது. சொன்னால் பூர்ணிமாவே நம்புவதில்லை, நீங்கள் எங்கே நம்பப் போகிறீர்கள். கேபிளில் ஏழாம் நம்பர். பாட்டு கிடையாது, படம் கிடையாது. காலை நாலரையிலிருந்து பத்து மணி வரைக்கும் வானம், வானம், வானம். அவ்வளவுதான்.

அதை நடத்தியவன் டில்லி. நானும் அவனும் எட்டாவது வரைக்கும் ஒரே பெஞ்சு. முழுப் பரீட்சைக்கு முதல் நாள், கேள்வி கஷ்டமாக வந்தால் என்ன செய்வது என்று யோசித்து யோசித்து எனக்கு ஜுரமே வந்து படுத்துவிட்டேன். அப்புறம் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகவில்லை. டில்லி பரீட்சைக்குப் போய் முறைப்படி ஃபெயில் ஆனான். அந்த மரியாதை அவனுக்கு எப்போதும் என்னிடம் உண்டு. நான் தறியில் உட்கார்ந்தேன், அவன் கல்யாணங்களுக்கு வீடியோ எடுத்து, பிறகு கேபிள் எடுத்தான்.

நான் வானம் பார்ப்பது மழை வருமா என்று தெரிந்துகொள்ளத்தான். பட்டு நெசவில் மழைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். சேலையின் நீளவாட்டு இழைகளைப் பாவு என்போம். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அதை விடியற்காலையில் தெருவிலே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, அறுந்த இழையை முடிந்து, வெயிலில் காயவிட்டுச் சுருட்டுவோம். மூணு சேலைக்கான பாவு சுமார் அறுபது அடி வரும். அந்த ரெண்டு மூணு மணி நேரத்தில் மழை வந்தால் கஞ்சி கரையும், சாயம் இறங்கும், முடி மாதிரி இருக்கிற இழையெல்லாம் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும். பட்டு முதலாளியுடையது, பொறுப்பு நம்முடையது.

அதனால் ஐப்பசி வந்தால் எங்கள் தெருவே அண்ணாந்துதான் நடக்கும். ஆனால் தெருவிலிருந்து தெரிவது வானத்தில் ஒரு கீற்றுதான், ரெண்டு பக்கமும் மாடி எழுப்பிவிட்டார்கள். டில்லியின் வீடு அடுத்த தெருவில், மூணு மாடி. "உன் பேஜாரு தாங்கலடா, தெனம் என் மாடியில வந்து நின்னுகினு" என்று ஒருநாள் என்னைத் திட்டிவிட்டு, பழைய கல்யாண கேமரா ஒன்றை பெயிண்ட் வாளிக்குள் வைத்துக் கைப்பிடிச் சுவரில் கட்டினான். மூஞ்சி மட்டும் வெளியே. காலியாகக் கிடந்த ஏழாம் நம்பரில் அந்தப் படத்தை விட்டான். எனக்காகத் தொடங்கின சேனல் என்று நான் சொல்லிக்கொள்வேன். தொல்லை தாங்காமல் தொடங்கினது என்று அவன் சொல்லுவான்.

கேமராவின் மைக்கை அணைக்க அவனுக்குத் தோன்றவில்லை. வானத்தோடு காக்கா சத்தமும் பால்காரர் ஹாரனும் வந்தது. கூடவே டில்லியின் அம்மா ராணியம்மாவும் வந்தார். ஆள் தெரியாது, குரல் மட்டும். மாடியில் வடாம் பிழிந்துகொண்டே, "டில்லி, தொட்டி ரொம்பி வழியுதுடா, மோட்டார நிறுத்து" என்று அவர் கத்தினால் முப்பது நாற்பது வீட்டில் கேட்கும். வானம் பார்க்கத் தேவையில்லாதவர்கள்கூட அவருக்காகவே ஏழாம் நம்பர் வைத்தார்கள். சேவூரிலிருந்து ஒரு அம்மா போன் செய்து, வடாம் மாவுக்கு ஜவ்வரிசி எவ்வளவு என்று கேட்டாராம். மறுநாள் ராணியம்மா கேமரா பக்கம் திரும்பி அளவு சொன்னார். அதற்கு ஒரு மளிகைக் கடைக்காரர் விளம்பரம் கொடுத்தார். அப்புறம் வானத்துக்குக் கீழே பிறந்தநாள் வாழ்த்து ஓட ஆரம்பித்தது. வாழ்த்து கொடுக்கிறவர்களுக்கே ஃப்ளெக்ஸ் பேனரும் அடித்துக் கொடுத்தான் டில்லி. சேனல் அப்போதே கொஞ்சம் கொஞ்சமாக வானத்தை விட்டு இறங்கிவிட்டது. எனக்குத்தான் தெரியவில்லை.

அந்த வருஷம் கஸ்தூரிக்கு ஆறாம் மாசம், வயிற்றில் பூர்ணிமா. எங்கள் முதலாளி ஒரு கல்யாணச் சேலை ஆர்டரை நம்பி எனக்குப் பாவு கொடுத்தார். அதற்கு முந்தின பாவை நான் தாமதம் செய்திருந்தேன், வேறென்ன, மழைக்குப் பயந்துதான். "இது கெட்டுச்சுன்னா வேற எடம் பாத்துக்க" என்று சொல்லித்தான் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நானாக இருந்தாலும் எனக்குப் பாவு கொடுத்திருக்க மாட்டேன். நாலு நாள் விடாமல் தூறல். அஞ்சாம் நாள் விடியற்காலை ஏழாம் நம்பரைப் போட்டேன். துடைத்துவிட்ட மாதிரி நீல வானம்.

மற்றவனாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான். நான் டீக்கடைக்கு ஓடி ஒரு ரூபாய் போனில் டில்லி வீட்டைக் கூப்பிட்டேன். ராணியம்மா எடுத்தார்.

"அம்மா, டிவில தெரியறது இன்னிக்கு வானந்தானுங்களே?"

"பின்ன, நேத்து வானத்தையாடா ஊறப்போட்டு இன்னிக்கி வைப்பாங்க? போய்ப் பாவப் போடு."

போட்டேன். இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, பாதி தூரம் இழை பார்த்தாகிவிட்டது. நடுநடுவே வாசலுக்கு ஓடி உள்ளே டிவியை எட்டிப் பார்த்துக்கொண்டேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. டிவியில்தான். தெருவில் வெளிச்சம் கம்மியாவது தெரிந்தும், ஏதோ வீட்டு நிழல் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். இதை இன்றைக்கு எழுதும்போது கை கூசுகிறது. ஆகாசத்துக்குக் கீழே நின்றுகொண்டு ஆகாசத்தைப் பார்க்க வீட்டுக்குள் ஓடினவன் நான்.

"வெளிய பாருய்யா, வெளிய!" என்றாள் கஸ்தூரி.

திரும்பினேன். கிழக்கே கருகருவென்று இருந்தது. முதல் சொட்டு என் முழங்கையில் விழுந்தது. டிவியில் ஒரு காக்கா வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

பாவைச் சுருட்டவும் முடியாது, ஈரக் கஞ்சி, சுருட்டினால் மொத்தமும் ஒட்டிவிடும். வீட்டிலிருந்த சேலை, போர்வை, அரிசிச் சாக்கு எல்லாம் கொண்டு வந்தாள் கஸ்தூரி. துணி ஒரு நிமிஷம் தாங்கும், அப்புறம் அதுவே சொட்டும். நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் வாக்கியம் அமைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போது தெருமுனையில் ராணியம்மா. தலையில் பெரிய சுருள் ஒன்று, கக்கத்தில் ஒன்று, பின்னால் கேபிள் ஆபீஸில் கணக்கு எழுதுகிற சரளா இன்னும் நாலு சுருளோடு. எல்லாம் ஃப்ளெக்ஸ், பிறந்தநாள் பேனர்கள்.

"தப்பு என்மேலதான்டா, நான்தான் போடச் சொன்னேன். நிக்காத, ஜல்தி பிரி! மேல படுக்கப் போடாத, தூக்கிப் புடி!"

தெருவில் இருந்த அத்தனை பேரும் வந்தார்கள். பாவுக்கு அந்தப் பக்கம் வரிசை, இந்தப் பக்கம் வரிசை. தலைக்கு மேலே கையை உயர்த்திப் பேனரைப் பிடித்தபடி நின்றோம். கஸ்தூரியை உள்ளே போகச் சொன்னார்கள், அவள் கேட்கவில்லை. புது ஃப்ளெக்ஸுக்கு ஒரு வாசனை உண்டு, மண்ணெண்ணெயும் பெயிண்டும் கலந்த மாதிரி. இப்போதும் எங்காவது பேனர் கட்டும்போது அந்த வாசனை வந்தால் என் தோள்பட்டை தானாக வலிக்கும்.

"நம்ம தலைக்கு மேல யாருப்பா இவரு, கூலிங்கிளாஸ் போட்டுகினு?" என்றார் எதிர்வீட்டு மாமா, அண்ணாந்து பார்த்து.

"யாரா இருந்தா இன்னா? இன்னிக்கி அவர்தான் நமக்கு ஆகாசம். கைய எறக்காதீங்க" என்றார் ராணியம்மா.

அந்த நிலையிலும் ஒருத்தர் சிரிக்க, வரிசையே குலுங்க, ஒரு ஓரத்தில் தேங்கின தண்ணி சரிந்து பத்துப் பதினஞ்சு இழையை நனைத்தது. கெட்டது அவ்வளவுதான். முக்கால் மணி நேரத்தில் மழை விட்டது. அந்த இழைகளை அறுத்து முடிந்து, மாலைக்குள் பாவைச் சுருட்டிவிட்டேன். சேலை முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்தது. முதலாளி அடுத்த பாவும் கொடுத்தார்.

டில்லி மத்தியானம் களம்பூரிலிருந்து வந்தான். அங்கே ஒரு காதுகுத்துக்கு வீடியோ எடுக்க வேறு கேமரா கிடைக்காமல், வாளியிலிருந்ததைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறான். சேனல் கறுப்பாக இருக்கக்கூடாதே என்று, அம்மாவிடம்கூடச் சொல்லாமல், ஒரு கேசட்டைப் போட்டுவிட்டுப் போனானாம்.

"எந்த நாளுதுடா அது?"

"தெரியல. இருக்கறதுலயே நல்ல வானமா பாத்துப் போட்டேன்" என்றான் பாவம் போல. ராணியம்மா அவன் முதுகில் வைத்த அடி, மைக் இருந்திருந்தால் சேவூர் வரைக்கும் கேட்டிருக்கும்.

அதன் பிறகு சேனலில் வானம் நிலைக்கவில்லை. முதலில் பாட்டு வந்தது, வானம் ஒரு மூலையில் தீப்பெட்டி அளவுக்குப் போனது. பிறகு படம் வந்தது, தீப்பெட்டியும் போனது. ஊரில் பலர் டில்லியைத் திட்டினார்கள். ஆரம்பித்தது எதற்கு, ஓடுவது என்ன என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எனக்கு வாய் வரவில்லை. அந்தச் சேனல் வானத்தோடு மட்டும் நின்றிருந்தால் வடாம் வந்திருக்காது, வாழ்த்து வந்திருக்காது, ஃப்ளெக்ஸும் வந்திருக்காது. தடம் மாறின சேனல்தான் என் தறியைக் காப்பாற்றியது. அந்தத் தறிதான் பூர்ணிமாவைக் காலேஜ் வரைக்கும் கொண்டுபோயிருக்கிறது.

செட்டாப் பாக்ஸ் வந்ததும் சின்ன கேபிள்காரர்கள் எல்லாம் போனார்கள். டில்லி வீட்டை விற்றுவிட்டு அம்மாவோடு சென்னைப் பக்கம் போனான். ராணியம்மா அங்கேயே காலமானதாக, அது நடந்து ரொம்ப நாள் கழித்துத்தான் கேள்விப்பட்டேன். அந்த மாடியில் இப்போது ஒரு செல்போன் டவர் நிற்கிறது. நாங்கள் இப்போது மண்டபத்துக்குள் பாவு போடுகிறோம், மழைக்குப் பயமில்லை. பாவு காயும்போது கரண்ட் போய் ஃபேன் நின்றுவிடுமோ என்று எனக்குப் புதுப் பயம் வந்திருக்கிறது.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. அந்தக் கூலிங்கிளாஸ்காரர் பேனரில் மூஞ்சி முழுக்க எங்கள் கையிலிருந்த கஞ்சி அப்பி, டில்லி வேறொன்று அடித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. அதற்கான பணத்தை நான் தருகிறேன் என்றேன். "மொதல்ல சேலைய முடி, அப்புறம் பாக்கலாம்" என்றான். அப்புறம் கேட்ட போதெல்லாம் அதையேதான் சொன்னான். நானூற்று ஐம்பது ரூபாய், இன்னும் கொடுக்கவில்லை.