கொட்டை எடுத்த ஆப்ரிகாட்

சனவ்பரின் புருஷன் கட்டட வேலைக்கு சைபீரியா போனான். இரண்டு வருஷம் கடிதம் வந்தது. மூன்றாம் வருஷம், அங்கே ஒரு ருஷ்யக்காரியோடு குடித்தனம் நடத்துகிறான் என்ற சேதி மட்டும் வந்தது. அழுது தீர்க்க அவளுக்கு நேரமில்லை. மூன்று வயசு மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, தங்கள் ஊரான இஸ்ஃபாராவின் சந்தைக்குப் பின்னால் ஆப்ரிகாட் தரம் பிரிக்கும் முற்றத்தில் போய் உட்கார்ந்தாள்.

ஒருநாள் குர்போன் என்ற வியாபாரி ஒரு தனி மூட்டையோடு வந்தான். கொட்டையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெள்ளைப் பொடி அடைத்த பழங்கள். ஒவ்வொன்றும் வயிறு கிழிந்து கிடந்தது. சனவ்பருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இதைக் குருடன்கூடப் பிடிச்சிடுவான், மாமா. கொட்டையைக் காம்புப் பக்கமாத் தள்ளணும். இப்படியா குத்திக் கிழிப்பாங்க?"

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அன்றிலிருந்து மூட்டைகள் அவள் வீட்டுக்கு வந்தன.

குர்போன் ரயில் நிலையத்தில் பிடிபட்டதும் அவன் ஆட்கள் இவள் வாசலில் வந்து நின்று, இனி என்ன செய்வது என்று கேட்டார்கள். சொன்னாள். அவ்வளவுதான். அடித்துப் பிடித்து மேலே ஏறினாள் என்று ஊர் பேசும். நாற்காலி காலியாக இருந்தது, அவளுக்குக் கால் வலித்தது, உட்கார்ந்தாள். பிறகு ரயில் சிப்பந்திகள் வந்தார்கள், சோதனைச்சாவடி அதிகாரிகள் வந்தார்கள், சரக்கு சுமக்க விதவைகள் வந்தார்கள். அந்த விதவைகளில் சிலர் இப்போது ருஷ்யச் சிறைகளில் கிடக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு மாவும் எண்ணெயும் இவள்தான் அனுப்புகிறாள். அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று அவளுக்கே தெரியும். இந்த ஒரு தடவையோடு போதும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பாள். ஐம்பது வயதில் உடம்பு எழுபதாகிவிட்டது.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு. மருமகள் ஷஹ்லோவுக்கு எதுவும் தெரியக்கூடாது. பின்னறையில் இருப்பது வெளியூர் வியாபாரிக்குப் போக வேண்டிய சரக்கு என்று சொல்லி வைத்திருந்தாள்.

ஒருநாள் மதியம் சந்தையிலிருந்து திரும்பியவள், அடுப்படியில் பக்கத்து வீட்டு நீலக் கிண்ணத்தைக் காணாமல், "சபோஹத் கிண்ணத்தைக் குடுத்துட்டியாம்மா?" என்று கேட்டாள்.

"குடுத்துட்டேன் அத்தை. வெறுங்கிண்ணமாவா குடுக்கறது? வீட்ல ஒண்ணுமில்ல. பின்னறை மூட்டையில கொஞ்சம் ஆப்ரிகாட் எடுத்துப் போட்டுக் குடுத்தேன். இன்னிக்குப் பேரனைத் தொட்டில்ல போடறாங்கல்ல, தூவறதுக்கு ஆச்சுன்னு சந்தோஷப்பட்டாங்க."

உள்நாட்டுச் சண்டைக் காலத்தில்கூட அந்தச் சந்தில் கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுத்தவர்கள் இல்லை. ஒன்றுமில்லாதவர்கள் ஒரு பிடி உப்பாவது போடுவார்கள். ஷஹ்லோ நல்ல வளர்ப்பு. அதுதான் வினையாகப் போயிற்று.

தொட்டில் விழாவில் பிள்ளையின் தலைக்கு மேலே மிட்டாயும் உலர்பழமும் தூவுவார்கள். தெருப் பிள்ளைகள் பாய்ந்து பொறுக்கி அங்கேயே வாயில் போட்டுக்கொள்ளும்.

சனவ்பர் முழங்கால் வலியை மறந்து பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். முற்றத்தில் பெண்கள் பறை தட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். சபோஹத் ஒரு பிடி தூவிவிட்டு அடுத்த பிடிக்குக் கையை விட்டிருந்தாள்.

"யாரும் திங்காதீங்க! எலி மருந்து கலந்த மூட்டை அது. மருமக தெரியாம எடுத்துட்டா."

பாட்டு நின்றது. அம்மாக்கள் பிள்ளைகளின் கையிலிருந்தும் வாயிலிருந்தும் பிடுங்கினார்கள். எல்லாம் கிண்ணத்துக்குத் திரும்பியது.

"உன் வீட்டு எலிக்கெல்லாம் ராஜ விருந்துதான் போ" என்றாள் சபோஹத். பெண்கள் சிரித்தார்கள். பொய் எடுபட்டுவிட்டது. சனவ்பருக்கு மூச்சு வந்தது.

அப்போதுதான் சபோஹத்தின் மூத்த பேத்தி மிஷ்கோனா சுவரோரம் சுருண்டு கிடப்பதைப் பார்த்தாள். நாலு வயசு. தூவுவதற்கு முன்பே கிண்ணத்தில் கைவிட்டிருக்கிறாள்; கன்னத்தில் காய்ந்த பழச்சதை ஒட்டியிருந்தது. விருந்துக்கு வந்திருந்த நர்ஸ் ஹுமோயூன், பிள்ளையின் இமையைத் தூக்கிப் பார்த்தாள்.

"எலி மருந்துன்னா வாந்தி எடுக்கும். இவ தூங்கறா. மூச்சும் கம்மியாயிட்டே வருது. உள்ள என்ன இருந்துச்சு அக்கா? சரியாச் சொல்லுங்க. தப்பான ஊசியைப் போட்டா புள்ள தங்காது."

எல்லாரும் சனவ்பரைப் பார்த்தார்கள். விருந்தாளிகளில் ஒருத்தியான போலீஸ் அதிகாரியின் மனைவி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். பின்னாலேயே ஓடி வந்த ஷஹ்லோ வாசலில் நின்றாள். எத்தனையோ அதிகாரிகளிடம் தெரியாது என்று சொல்லித் தப்பித்த வாய் சனவ்பருடையது. சிறைக்குப் போனவர்களின் தாய்மார்களிடமும் அதையே சொல்லியிருக்கிறது. இப்போதும் சொல்லலாம். வெட்கமாக இருந்தது, பயமாக இருந்தது, எல்லாவற்றையும்விட அலுப்பாக இருந்தது.

"ஹெராயின்" என்றாள். "நான்தான் அடைச்சேன்."

ஹுமோயூன் பிள்ளையை வாரிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். சபோஹத் பின்னாலேயே ஓடினாள். மற்றவர்கள் இருந்த இடத்தில் இருந்தார்கள். ஷஹ்லோ தன் இரண்டு கைகளையும் பாவாடையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். சனவ்பர் அவளைப் பார்க்க முடியாமல் தரையில் உட்கார்ந்தாள். அதிகாரியின் மனைவி கைப்பேசியை எடுத்தாள்.

"முதல்ல ஆஸ்பத்திரியைக் கேளும்மா" என்றாள் சனவ்பர். "நான் எங்கயும் போகல."

அதிகாரியின் மனைவி திரும்பத் திரும்ப அழைத்தாள். வெகுநேரம் கழித்துத்தான் யாரோ எடுத்தார்கள். கேட்டுவிட்டு, "கண்ணைத் தொறந்துட்டாளாம். தண்ணி கேக்கறாளாம்" என்றாள்.

சனவ்பர் தலைத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி. இப்ப உன் வீட்டுக்காரரைக் கூப்பிடு."