கொள்கையில் என் தம்பி எழுதச் சொன்னது

நாட்டுக்கு மனநலக் கொள்கை எழுதப்போகிறார்கள், ராஜபாளையத்தில் கூட்டம் போட்டு நோயாளிகளின் குடும்பத்தாரிடம் கருத்துக் கேட்கிறார்கள் என்றார்கள். மனநல வைத்தியத்தில் இருக்கும் என் தம்பி ஒரு வருஷமாக வாசல்படி தாண்டுவதில்லை. அவனைக் கெஞ்சிக் கூத்தாடி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் கூட்டிப்போனேன்.

மூன்று மணி நேரம் கூட்டம் போட்டவர்களே பேசினார்கள். கொடுத்த தாளோ முழுக்க இங்கிலீஷ். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வீட்டுல வச்சுப் பாக்குற எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?" என்று சத்தம் போட்டேன்.

மேடையிலிருந்த அதிகாரியம்மா தம்பியைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க, என்ன எழுதட்டும்?" என்றார்.

"அவனுக்கு என்னம்மா தெரியும்?" என்று நான் முந்திக்கொண்டேன்.

தம்பி எழுந்தான். "கோயில்ல அர்ச்சனைக்குப் பேரு, நட்சத்திரம் சொன்னாப் போதும். எங்கக்கா அம்புட்டுக் கூட்டத்துல, 'தம்பிக்கு மூளை சரியில்ல சாமி'ன்னு சேத்துச் சொல்லுது. பொறவு நான் தெருவுல எப்படி நடக்க? அதை நிப்பாட்டணும்னு எழுதுங்க."

அந்தம்மா சிரிக்காமல் எழுதிக்கொண்டார். எனக்குத் தலை நிமிரவில்லை. பக்தி என்று நினைத்து அவனை வீட்டுக்குள் அடைத்தது நான்தான்.

இப்போது தாயார் சந்நிதியில் பேரும் நட்சத்திரமும் மட்டும் சொல்கிறேன். மிச்சம் அவளுக்குத் தெரியாதா? தம்பியைக் கோயிலுக்குக் கூப்பிட்டால், "நீ வாயை அடக்குதியான்னு இன்னும் கொஞ்ச நாளு பாக்கேன்" என்கிறான். பார்க்கட்டும். ஒரு வருஷம் அவன் பொறுத்தானே.