சந்து முனையில் வால்வு வேண்டாம்

எங்கள் சந்தில் தன்னூன் என்பவரின் வீட்டுச் சுவரில் சிவப்புச் சாயத்தில் 417 என்று எழுதிவிட்டுப் போனார்கள். எழுதியவர்கள் தெருமுனையைத் தாண்டும்வரை அவர் வாசலிலேயே நின்றார். பிறகு மண்ணெண்ணெயும் சாக்குத் துணியும் எடுத்து வந்து, மோசுல் நகரத்து வெயிலில் சாயம் காய்வதற்குள் துடைத்துவிட்டார்.

எழுதியவர்கள் தண்ணீர்க் கம்பெனி ஆட்கள். சண்டையில் நொறுங்கிய பழைய நகரத்துக் குழாய்களை மாற்ற அரசாங்கத்திடம் பணம் இல்லை. வெளிநாட்டு முதலாளிகள் சிலர் சேர்ந்து பணம் போட்டுக் குழாய் பதிப்பார்கள். இருபத்தைந்து வருடம் அவர்களே தண்ணீர் விட்டுக் கட்டணம் வாங்கிக்கொள்வார்கள். இதுதான் ஒப்பந்தம். எந்தெந்த வீட்டுக்கு இணைப்பு என்று குறித்துக்கொள்ளத்தான் இந்த எண் என்பதை ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டேதான் வந்தார்கள். எங்கள் சந்தில் யாரும் நம்பவில்லை. கறுப்புக் கொடிக்காரர்கள் ஊரை வைத்திருந்த மூன்று வருடத்தில், சுவரில் எழுத்து விழுந்த வீடுகள் யார் யார் கைக்குப் போயின என்று பார்த்திருந்தோம். அவர்கள் ஓடிய பிறகு வெடி தேட வந்தவர்களும் சுவரில்தான் எழுதினார்கள். ‘ஆபத்தில்லை’ என்று எழுதிய ஒரு வீட்டின் சமையலறை மறுவாரமே வெடித்தது.

தன்னூன் துடைப்பதைப் பார்த்து எதிர்வீட்டு உம்மு சினானும் தன் சுவரைத் துடைத்தாள். அவளைப் பார்த்து அடுத்த வீடு. சாயங்காலத்துக்குள் இருபத்தொரு வீட்டுச் சுவரும் சுத்தம். தண்ணீர் இலாகாவில் முப்பத்தொரு வருடம் வால்வு திறந்து மூடியவரே துடைக்கிறார் என்றால், அதில் ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்று நினைத்தோம்.

அவர் படகுக்காரர் ஒருவரின் மகன். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. பத்தொன்பது வயதில் பள்ளம் தோண்டும் வேலைக்குச் சேர்ந்து, தானாகவே வால்வு வேலையைப் பிடித்துக்கொண்டார். ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புச் சாவி அவரிடம் உண்டு. அதன் நுனியை வால்வின் தலையில் பொருத்தி, கைப்பிடியில் காதை வைத்துக் கேட்பார். எத்தனை சுற்றுத் திறந்திருக்கிறது, எந்தப் பக்கம் ஒழுகுகிறது என்று சொல்வார். தோண்டிப் பார்த்தால் அப்படியே இருக்கும். இலாகாவின் வரைபடங்கள் சண்டையில் எரிந்துபோயின. எந்த வால்வு எந்த இடிபாட்டுக்கு அடியில் கிடக்கிறது என்பது அதற்குப் பிறகு அவருக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டு மாதம் கழித்துக் கம்பெனியின் பள்ளம் பெரிய தெரு வழியாக வந்தது. எங்கள் சந்து முனைக்கு வந்து, திரும்பாமல் நேரே போய்விட்டது. ஓடிப்போய்க் கேட்டோம். மேஸ்திரி பட்டியலைப் பார்த்தான். இரண்டாம் முறை சரிபார்க்க வந்தபோது எண் இல்லாத வீடுகளை ஆளில்லாத இடிந்த வீடுகள் என்று எழுதிவிட்டார்களாம். சந்து முழுவதும் காலி என்று இருந்தது.

தண்ணீர் லாரி வாரம் ஒரு முறைதான் வரும். பட்டியல் விஷயம் தெரிந்த அன்று உம்மு சினான் தன் வாசலில் நின்றபடியே சொன்னாள்.

“நல்லாத் தொடச்சீங்க, அபூ ஹாரித். அப்படியே மேல வந்து என் மொட்டைமாடித் தொட்டியையும் தொடச்சிட்டுப் போங்க. அதுலயும் ஒண்ணுமில்ல.”

மூத்த மகன் பெயர் ஹாரித் என்பதால் அவரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். மறுநாள் காலை, சந்துக்கு எப்படியாவது குழாயைத் திருப்பவேண்டும் என்று கம்பெனியின் தகரக் கொட்டகைக்குப் போனார்.

அங்கே இருந்த இன்ஜினியர் ரஹஃப், ஆற்றுக்கு அக்கரையைச் சேர்ந்த பெண். மரியாதையாக உட்காரவைத்து வரைபடத்தை விரித்தாள். அதிலிருந்த ஆங்கில எழுத்து அவருக்குத் தெரியாது. ஆனால் நுனியோடு நுனி முட்டி நிற்கும் இரண்டு முக்கோணம் என்றால் வால்வு என்று தெரியும். ஒவ்வொரு சந்து முனையிலும் அந்த முக்கோணங்கள் இருந்தன.

“வீட்டுக்கு வீடு வால்வு வைக்கிறீங்க, சரி. சந்து முனையில எதுக்கும்மா இன்னொண்ணு?”

“மராமத்துக்குத்தான், பெரியப்பா. உடைஞ்சா அந்தச் சந்துக்கு மட்டும் தண்ணிய மூடிக்கலாம்.”

“அதுக்கு மட்டும்தானா?”

ஒரு சந்தில் பாதி வீடுகள் மூன்று மாதம் கட்டணம் கட்டாவிட்டால் அந்தச் சந்துக்கே தண்ணீரை மூடலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருப்பதை ஒத்துக்கொண்டாள். ஆனால் அப்படியெல்லாம் செய்யமாட்டார்கள் என்றாள்.

“மூட முடியும்னா மூடுவாங்கம்மா. நானே மூடியிருக்கேன்.”

கறுப்புக் கொடிக்காரர்கள் காலத்தில், கீழ்ப்பேட்டைக்காரர்கள் யாரையோ ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்று சொல்லி, துப்பாக்கியைக் காட்டி அவரை அழைத்துப்போய் வால்வை மூடச் சொன்னார்கள். ஜூலை மாதம். ஒன்பது நாள் மூடிக் கிடந்தது. நான்காம் நாள் யாரும் பார்க்காத நேரத்தில் போய் இரண்டு சுற்று மட்டும் திறந்துவிட்டு வந்தார். அந்தத் தண்ணீர் யார் வீடுவரைக்கும் போனது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. எங்களிடம்கூடச் சொல்லாத இதை முதல்முதலாக அவளிடம்தான் சொன்னார்.

வருகிற வழியில் அவர் வேறொன்றையும் கவனித்திருந்தார். பழைய பெருங்குழாய் கசிந்து, கம்பெனியின் பள்ளம் முழங்கால்வரை நிறைந்திருந்தது. மூன்று வாரமாக பம்பு வைத்து இறைக்கிறார்கள். பழைய வால்வுகளைக் கண்டுபிடித்து மூடாமல் அது வற்றாது. பதினோரு வால்வு இருக்கிறது, எல்லாவற்றையும் காட்டுகிறேன் என்றார். பதிலுக்கு இருபத்தொரு வீட்டையும் பட்டியலில் சேர்க்கவேண்டும், எல்லாச் சந்து முனை வால்வுகளையும் வரைபடத்தில் அடித்துவிடவேண்டும்.

“உங்க சந்துக்கு மட்டும்னா செய்வேன், பெரியப்பா. மத்த சந்தெல்லாம் என் கையில இல்ல.”

வரைபடத்தில் மற்ற சந்துகளின் முக்கோணங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, அதையாவது செய் என்றார். பக்கத்துச் சந்துக்காரர்கள் இதற்காக இன்னும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ரஹஃப் எங்கள் சந்து முனையில் இருந்த முக்கோணங்களை மட்டும் பேனாவால் அடித்து, ஓரத்தில் தன் பெயரை எழுதினாள். அவர் அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். சரியாக விழவில்லையோ என்று இன்னொன்றும் எடுத்தார்.

இரண்டே நாளில் பதினோரு வால்வையும் காட்டிவிட்டார். பள்ளம் வற்றியது. சிவப்புச் சாயக்காரர்கள் மறுபடி வந்தார்கள். உம்மு சினான் தன் வாசலிலிருந்து, “இந்தத் தடவையாவது காயவிடுங்க” என்றாள். அவர் காயவிட்டார்.

சந்துக்குள் பள்ளம் திரும்பிய அன்று பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து முனையில் போட்டு உட்கார்ந்தார். ஐந்து நாள், காலையிலிருந்து வேலை முடியும்வரை. இறங்குகிற ஒவ்வொரு குழாயையும் பார்த்தார். வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் தொழுகைக்குப் போனார். திரும்பி வந்தபோது எட்டு மீட்டர் நீளத்துக்கு மண் மூடப்பட்டிருந்தது.

கீழே என்ன வைத்தீர்கள் என்று கேட்டார். குழாய்தான் என்றான் மேஸ்திரி. தோண்டிக் காட்டச் சொன்னார். ஆட்கள் சிரித்தார்கள். மேஸ்திரி சர்க்கரை போட்டுத் தேநீர் நீட்டினான். அவர் வாங்கவில்லை. ரஹஃபுக்குப் போன் செய்தார். அங்கே எதுவும் இல்லை என்று அவள் சத்தியம் செய்தாள். ஆனால் அவளும் அப்போது அங்கே இல்லை.

தண்ணீர் வந்து ஏழு மாதம் ஆகிறது. நன்றாகவே வருகிறது. மொட்டைமாடித் தொட்டிகள் நிரம்பி வழிந்து, சந்துக் கல்லெல்லாம் ஈரமாகக் கிடக்கிறது.

சனிக்கிழமை தோறும் தன்னூன் இரும்புச் சாவியோடு வெளியே வருவார். அந்த எட்டு மீட்டருக்கு அருகில் இருக்கிற இணைப்புக் குழியைத் திறந்து, சாவி நுனியைக் குழாயில் வைத்து, கைப்பிடியில் காதை வைப்பார். வெறும் குழாயில் தண்ணீர் வழுக்கிக்கொண்டு போகும். வழியில் வால்வு ஒன்று இருந்தால், முழுக்கத் திறந்திருந்தாலும் அந்த இடத்தில் சத்தம் லேசாகத் தடுக்கும் என்பார். அவர் கேட்டு முடிக்கும்வரை உம்மு சினான் தன் குழாயைத் திறக்கமாட்டாள்.

“என்ன சொல்லுது, அபூ ஹாரித்?”

“இன்னைக்கு ஒண்ணுமில்ல” என்பார் அவர். குழியை மூடிவிட்டு, அந்த எட்டு மீட்டரைக் காலால் மிதித்துப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு நடப்பார்.