பகலில் தூங்குகிறவரின் கூரை

என் கணவர் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டுகிறார். பெரும்பாலும் இரவு ஷிப்ட். ஊர் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அவர் வீட்டுக்கு வந்து படுப்பார். துறைமுகத்துக்குப் பக்கத்தில், பண்டமாரானில் எங்கள் வீடு தகரக் கூரை போட்டது. பத்து மணி வெயில் ஏறியதுமே படுக்கையறை கொதிக்கத் தொடங்கிவிடும். அவர் ஈரத் துண்டை மார்பில் போட்டுக்கொண்டு புரள்வார். பிறகு கூடத்துத் தரையில் வந்து படுப்பார். கேட்டால், பழகிவிட்டது என்பார்.

ஒருநாள் வேலையில் கண் சொக்கி, வண்டியைத் தூணில் உரசிவிட்டார். யாருக்கும் அடியில்லை. மேற்பார்வையாளர் அவரைக் கிளினிக்குக்கு அனுப்பினார். நானும் கூடப் போனேன். இரத்த அழுத்தம் அதிகமாக இருந்தது. டாக்டரம்மா மாத்திரை எழுதிக்கொண்டே, தூக்கமெல்லாம் எப்படி என்று கேட்டார். நல்லாத்தான் தூங்குறேன் என்றார் இவர்.

"இல்ல டாக்டர், இவர் தூங்குறதே இல்ல. வீட்டுல சூடு தாங்கல" என்றேன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு வீட்டைப் பற்றி விசாரித்தார். தூக்கம் கெட்டால் மாத்திரை மட்டும் போதாது என்றார்.

உடனே ஏர்கான் வாங்கினோம். அது நாள் முழுக்க உறுமியதே தவிர, மதியத்தில் அறை குளிரவில்லை. நாற்காலி மேல் ஏறிக் கூரைக்குக் கீழுள்ள பலகையில் கை வைத்துப் பார்த்தேன். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி மாதிரி இருந்தது. அவ்வளவு சூடு தலைக்கு மேல் இருந்தால் எந்த ஏர்கான் என்ன செய்யும்?

அந்த வாரம் தலைநகரில், பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். பழைய வீடு. கூரை நல்ல உயரம், சுவரின் மேல்பக்கம் காற்றுக்குத் துளைகள், ஓடு வேய்ந்தது. சாப்பிட்டுவிட்டு இவர் உள்ளே போய்ப் படுத்தார். மேலே மின்விசிறி மட்டும்தான். மதியம் போய்த் தேநீர் நேரமும் வந்துவிட்டது. அக்கா எழுப்பப் போனாள். வாசலிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எழுப்பாதக்கா. இவர் இப்படித் தூங்கிப் பார்த்து ரொம்ப நாளாச்சு."

அக்கா கதவை மெல்லச் சாத்தினாள். வாய் கொஞ்சம் திறந்து, கை கால் தளர்ந்து அவர் கிடந்த கோலம் எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. இத்தனை வருடம் குறை அவர் உடம்பில் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தோம்.

திரும்பும்போது காரிலேயே சொல்லிவிட்டேன், கூரையைச் சரி செய்யப் போகிறோம் என்று. அவர் தயங்கினார்.

"இத்தனை வருஷம் இருந்துட்டோம், இப்ப என்ன லா?"

"இத்தனை வருஷம் நீங்க தூங்கலீங்க. அதான் இப்ப" என்றேன்.

கூரை வேலை செய்யும் ஆட்களைக் கூப்பிட்டோம். தகரத்துக்கு அடியில் வெள்ளித்தாள் ஒட்டிய பஞ்சு விரிப்பைப் போட்டார்கள். மேலே வெள்ளைப் பெயிண்ட் அடித்தார்கள். உள்ளே தேங்கும் சூடு வெளியேற, காற்றில் சுழலும் உருண்டை ஒன்றைக் கூரையில் பொருத்தினார்கள். படுக்கையறையில் மேற்கு வெயில் படும் ஜன்னலுக்கு வெளியே நானே ஒரு மூங்கில் திரையைத் தொங்கவிட்டேன்.

வீடு ஒன்றும் மலைப்பிரதேசம் ஆகிவிடவில்லை. ஆனால் இப்போது மதியத்தில் மின்விசிறியே போதும். மிஞ்சிய சூட்டுக்கு ஏர்கானைக் கொஞ்ச நேரம் போட்டால் அறை குளிர்ந்துவிடுகிறது. அவர் மாத்திரையை நிறுத்தவில்லை, டாக்டரம்மா அளவைக் குறைத்திருக்கிறார். எனக்கு மாலையில் வரும் தலைவலியும் போய்விட்டது. அது சமையல் களைப்பு என்று நானாக முடிவு செய்துவைத்திருந்தேன்.

போன மாதம் அக்கா மகள் கிள்ளானில் ஒரு வீடு பார்க்கக் கிளம்பினாள். காலையிலேயே போய்ப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னாள். மதியம் போ, வெயில் உச்சியில் இருக்கும்போது படுக்கையறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார், காலையில் எல்லா வீடும் நல்ல வீடாகத்தான் தெரியும் என்றேன்.