சுகுமாறன் பாலைவனத்துக்கு டயர் பார்த்த கதை

ஜொகூர் மாநிலத்தில் சைக்கிள் டயரைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்த ஆள் கிடையாது. சரி, இது கொஞ்சம் கூடுதல்தான். மாசாயில் எங்கள் தாமான் குடியிருப்பில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் பெரிதாகப் பட்டால், எங்கள் வரிசையிலுள்ள பதினான்கு வீடுகளில், எழுபது வயதைத் தாண்டிய பெண்களுக்குள் என்று குறைத்துக்கொள்கிறேன். அதற்குக் கீழே இறங்க மாட்டேன். சைக்கிளில் ஏறவே தெரியாத எனக்கு இந்த ஞானம் வந்ததற்குக் காரணம் சுகுமாறன். எட்டு மாதம் அவன் வீட்டில் வேறு எதையும் பேசவில்லை. நானும் அந்த வீட்டில்தான் இருக்கிறேன்.

சுகுமாறன் என் தங்கை மகள் லக்ஷ்மியின் கணவன். நாற்பத்தொன்பது வயது. பாசீர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் சரக்கு ஏற்றும் பெல்ட்டுகளைப் பழுது பார்க்கிறான்; இருபத்தாறு ஆண்டாக அதே வேலை. மேலே ஒரு ரப்பர், நடுவில் துணி, கீழே ஒரு ரப்பர் என்று அவனுக்கு உலகமே அடுக்கு அடுக்காகத்தான் தெரியும். ஒரு திருகாணியை முடுக்கிவிட்டுப் பத்தடி நடந்து, திரும்பி வந்து இன்னொரு முறை தொட்டுப் பார்ப்பான். இது முன்பு இல்லாத பழக்கம். யுகேந்திரன் விழுந்த பிறகு வந்தது.

யுகேந்திரனும் அவனும் தமிழ்ப்பள்ளியில் ஒரே வகுப்பு. பாடம் நடத்தியது நான்தான். யுகேந்திரன் இன்றைக்கும் என்னை டீச்சர் என்பான். சுகுமாறன் கல்யாணத்துக்குப் பிறகு பெரியம்மா என்று மாற்றிக்கொண்டான். மதிப்பெண் மட்டும் மாறவில்லை என்று நான் சொல்வதுண்டு.

கோவிட்டுக்கு முந்தின ஆண்டு நடந்தது இது. இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் ஓட்டுவார்கள். பழைய நெடுஞ்சாலையில் வடக்கே போய், ஆயர் ஈத்தாமில் மண்பாண்டக் கடைகளைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். நான் கேட்ட பூந்தொட்டியை ஒரு நாளும் வாங்கி வந்ததில்லை. அந்த ஞாயிறுக்காகச் சுகுமாறன் இரண்டு சைக்கிளுக்கும் புது டயர் வாங்கிப் போட்டிருந்தான். பந்தயக்காரர்கள் போடுகிற மெல்லிய டயர். எடை குறைவு, நம்பி ஓட்டு என்று யுகேந்திரனிடம் சொன்னதும் அவன்தான். நூற்றிருபது பவுண்டுக்கு மேல் காற்று ஏற்றக் கூடாது என்று டயரின் ஓரத்திலேயே எழுதியிருந்ததாம். அவன் எங்கள் வாசலில் வைத்து, அளவு பார்த்து, இரண்டிலும் நூறுதான் அடித்தான். கூலாயில் பசியாறிவிட்டுக் கிளம்பினார்கள். முக்கால் மணி நேரம் கழித்து, ஓர் இறக்கத்தில், யுகேந்திரனின் முன் டயர் வெடித்தது.

பின்னால் வந்த லோரி நின்றுவிட்டது. அது நிற்காமல் போயிருந்தால் இந்தக் கதையை எழுத எனக்கு மனம் வந்திருக்காது. யுகேந்திரனுக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஒன்பது மாதம் படுக்கை. இடது கால் அரை அங்குலம் குட்டையாகிவிட்டது. சிங்கப்பூரில் பளுதூக்கி வண்டி ஓட்டிக்கொண்டிருந்த வேலை போய், இப்போது ஸ்கூடாயில் ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்து கோப்புகளைப் புரட்டுகிறான். சுகுமாறன் மீது ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் சுகுமாறனை அரித்தது. வெடித்த அந்த டயரை அவன் தூக்கிப் போடவில்லை. சாமான் அறையில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறான். அரை முழம் கிழிசல். துடைப்பம் எடுக்கப் போகும்போதெல்லாம் லக்ஷ்மி முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

சுகுமாறன் இரண்டு ஆண்டு சைக்கிளைத் தொடவில்லை. பிறகு யுகேந்திரனின் காலுக்குப் பயிற்சியாகச் சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள் என்று, துணைக்கு இவனும் ஏறினான். நாள் போகப் போகத் தூரமும் கூடியது. போன வருடம் ஒரு நாள் யுகேந்திரன் வந்து, கோலாலம்பூர்க் குழு ஒன்றோடு ஓமானுக்குப் போக இரண்டு பேருக்கும் பெயர் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். நிஸ்வாவிலிருந்து சலாலா வரை, பாலைவனச் சாலையில் ஏழு நாள். கூடவே ஒரு பிக்கப் வண்டி வரும். சுகுமாறன் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததையும் சொல்லிவிட்டான்.

"டயர் நீதான் பாக்கணும். வேற யார் பாத்தாலும் நான் ஏற மாட்டேன்லா."

அவன் போன பிறகு சுகுமாறன் வாசற்கதவைப் பூட்டினான். திரும்பி வந்து தொட்டுப் பார்த்தான். மறுபடி வந்து தொட்டுப் பார்த்தான். முடியாது என்று சொல்லிவிடுங்களேன் என்றாள் லக்ஷ்மி. முடியாது என்றால் அவன் தனியாகப் போவான், வேறு எவனோ போட்டுத் தந்த டயரில் போவான் என்றான். பூட்டில் கை வைத்தபடியே சொன்னான்.

"இன்னொரு தடவ அவன் விழுந்தா என்னால முடியாது லக்ஷ்மி."

அன்றிலிருந்து எங்கள் பின்கட்டு பரிசோதனைச் சாலை ஆனது. ஸ்கூடாயில் சைக்கிள் கடை வைத்திருக்கும் நவ்சாத்திடமிருந்து நான்கு தினுசு டயர் வந்தது. இருபத்தைந்து மில்லிமீட்டர் அகலம், இருபத்தெட்டு, முப்பத்திரண்டு, அதிலேயே இன்னும் தடித்தது ஒன்று. சுகுமாறன் முதலில் ஒவ்வொன்றின் ஓரத்தையும் அறுத்து அடுக்கைப் பார்த்தான். தரையைத் தொடும் ரப்பருக்கு அடியில் முள்ளைத் தடுக்கிற பட்டை எவ்வளவு அகலம், பக்கச் சுவர் வரை வருகிறதா, நடுவோடு நின்றுவிடுகிறதா என்று ஒரு நோட்டில் படம் வரைந்தான். நெடுஞ்சாலை ஓரத்தில் லோரி டயர் கிழிந்து கிடக்குமே, அதிலிருந்து இரும்புக் கம்பி பொறுக்கி வந்தான். செம்பனை மட்டையின் முள்ளைக் கொண்டு வந்தான். உடைந்த பாட்டிலும் வந்தது. டயரைத் துத்தநாகக் கூரையில் ஒரு வாரம் வெயிலில் காயப்போட்டான். பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் வீட்டில் என்ன வற்றல் போடுகிறார்கள் என்று விசாரித்தார்.

ஒரு சாயங்காலம் என்னிடம் வந்து உட்கார்ந்தான். அந்த ஊர் சாலை ஓரமெல்லாம் நெருஞ்சி முள்ளாம். நெருஞ்சி எவ்வளவு பெரியது பெரியம்மா என்று கேட்டான். முப்பத்திரண்டு ஆண்டு பள்ளியில் நெருஞ்சி என்று வந்த இடத்திலெல்லாம் பொருள் சொல்லிக் கொடுத்தவள் நான். ஜொகூரில் பிறந்து வளர்ந்த நான் அதைக் கண்ணால் கண்டதேயில்லை. தெரியாது என்று சொல்லிப் பழக்கமும் இல்லை. எலுமிச்சம்பழம் அளவு இருக்கும், யானைக் காலையே கிழிக்கும் என்று அளந்துவிட்டேன். அவன் சிரிப்பான் என்றுதான் நினைத்தேன். அன்று அவன் சாப்பிடவில்லை. மறுநாள் தொழிற்சாலையிலிருந்து ஒரு துண்டு பெல்ட் ரப்பரைக் கொண்டு வந்து டயருக்குள் வைத்துத் தைக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தான். என் வாழ்க்கையில் நான் விட்ட கதைகளில் திரும்ப எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

நவ்சாத் காப்பாற்றினார். அவருடைய அண்ணன் மஸ்கட்டில் இருக்கிறார். ஊருக்கு வந்த யாரோ ஒருவர் கையில் ஒரு மருந்துப் புட்டியில் நெருஞ்சியைக் கொடுத்தனுப்பியிருந்தார். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். கொண்டைக்கடலையைவிடச் சிறியது. எப்படிப் போட்டாலும் ஒரு முள் மேலே பார்த்து நிற்கிறது. யானை எங்கே என்று நவ்சாத் என்னைக் கேட்டார். பிறகு சுகுமாறனைப் பார்த்து, "அண்ணே, பங்சரே ஆவக் கூடாதுன்னா லோரி டயர மாட்டிக்கிட்டுப் போங்க. என்கிட்ட அது இல்ல," என்றார்.

டயருக்குள் ஊற்றுகிற ஒரு திரவத்தையும் அவர் கொடுத்தார். டியூப் வேண்டாம், முள் குத்தினால் திரவம் ஓட்டைக்குள் ஓடி அடைத்துக்கொள்ளும். மூடியைத் திறந்ததும் லக்ஷ்மி, இது எங்க எஸ்டேட் பால் கொட்டாய் வாசனை ஆச்சே என்றாள். அதுவும் ரப்பர்ப் பால்தான். சுகுமாறன் ஒரு தட்டில் ஊற்றிக் கூரை மேல் வைத்தான். நான்கே நாளில் மரத்தில் காய்ந்த ஒட்டுப்பால் மாதிரி உரிந்து வந்தது. நம் ஊர் ஈரக் காற்றிலேயே இப்படியென்றால் அங்கே என்ன ஆகும் என்று அதை ஒதுக்கினான். உள்ளே மூடியிருந்தால் இவ்வளவு சீக்கிரம் காயாது என்று நவ்சாத் சொன்னது அவன் காதில் ஏறவில்லை.

நெருஞ்சி அவனுக்கு ஒன்றைக் கற்றுக் கொடுத்தது. நம் ஆட்கள் மோட்டாரானாலும் சைக்கிளானாலும் டயரைக் கல் மாதிரி வைத்துக்கொள்வார்கள். கல் மாதிரி இருந்தால் முள் ஏறாது என்று ஒரு நம்பிக்கை. அவன் இரண்டு டயரை முள் மேல் உருட்டிப் பார்த்தான். கல் மாதிரி இருந்ததில் முள் நேரே இறங்கியது. சற்றுத் தளர்ந்திருந்தது முள்ளுக்கு வளைந்து கொடுத்தது. அகலமான டயர், நடுத்தரக் காற்று, கனமான டியூப். முப்பத்திரண்டு மில்லிமீட்டர் என்று முடிவாயிற்று. எட்டு மாதத்தில் அன்று ஒரு நாள்தான் அவன் கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து தொட்டுப் பார்க்கவில்லை.

மாட்டப் போனால், யுகேந்திரனின் பழைய சைக்கிளில் முப்பத்திரண்டு உரசுகிறது. இருபத்தெட்டுக்கு மேல் அதில் இடமில்லை. சுகுமாறன் சைக்கிளில் இடம் இருந்தது. இரண்டு சைக்கிளின் இருக்கைகளையும் கழற்றி மாற்றி மாட்டினான். என்னடா இது என்று யுகேந்திரன் கேட்டதற்கு, தன் சைக்கிளைக் காட்டி, இதுதான் டயர், ஏறுவதென்றால் இதில் ஏறு என்றான்.

ஜனவரியில் போனார்கள். யுகேந்திரன் ஓட்டியதில் ஒரு பங்சர்கூட இல்லை. சுகுமாறனுக்குப் பதினேழு. ஒவ்வொரு முறையும் சாலையிலிருந்து முப்பதடி தள்ளிப் போய் மணலில் மண்டியிட்டுத்தான் டியூப் மாற்றினான். யுகேந்திரனை அதற்கும் அப்பால் நிற்க வைத்தான். லோரிகள் போகும் சத்தம் கேட்டால் டயர் நெம்பும் கோலைக் கீழே போட்டுவிடுவானாம். ஐந்தாம் நாள் நடுப்பகலில் யுகேந்திரனின் முன் டயரை அழுத்திப் பார்த்து, வெயிலில் காற்று பெருகியிருக்கிறது என்று கொஞ்சம் இறக்கிவிட்டான். அப்போது சொன்னதை அந்தக் குழுவில் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள்.

"அன்னிக்கி நான் வாங்கிக் குடுத்தது காகிதம்டா. காத்து சரியாத்தான் அடிச்சேன். டயருதான் தாங்கல."

யுகேந்திரன் பிக்கப் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, கொடுத்த சாப்பாட்டைத் தொடாமல், முப்பது கிலோமீட்டர் அப்படியே வந்திருக்கிறான். கால் வலி என்று நினைத்துச் சுகுமாறன் தைலம் எடுத்துக்கொண்டு போனான்.

சலாலா போய்ச் சேர்ந்தார்கள். படம் எடுத்துக்கொண்டார்கள். அதில் எல்லோரும் சிரிக்கிறார்கள். சுகுமாறன் மட்டும் குனிந்து டயரைப் பார்க்கிறான். வீட்டுக்கு வந்த அன்றே சாமான் அறைக்குப் போனான். ஆணியில் இருந்ததை எடுத்துவிடுவான் என்று லக்ஷ்மி குப்பைப் பையோடு காத்திருந்தாள். தொட்டுப் பார்த்துவிட்டு வந்துவிட்டான்.

இவ்வளவையும் ஞாயிறு மலருக்கு அனுப்பலாம் என்று எழுதி, போன வாரம் இருவரையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். யுகேந்திரன் தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்திருந்தான். சுகுமாறன் மேஜைக் காத்தாடியின் திருகாணியைத் திருப்புளியால் முடுக்கிக்கொண்டிருந்தான். கடைசியில் ஒரு வரி போட்டிருந்தேன்: 'தான் செய்த ஒரு தவற்றைச் சுகுமாறன் எண்ணூறு கிலோமீட்டர் ஓட்டிக் கழித்தான்.' நல்ல வரி என்று எனக்கே ஒரு நினைப்பு.

"டீச்சர், ரெண்டு எடம் தப்பு," என்றான் யுகேந்திரன். "பங்சரு பதினேழு இல்ல. மூணு."

அது எனக்குத் தெரியும், மூன்றை யார் படிப்பார்கள் என்றேன். இரண்டாவது எது என்று கேட்டேன். அவன் கோப்பையைக் கீழே வைத்தான். என்னைப் பார்க்கவில்லை.

"அந்தக் கடைசி வரி. கூலாய்ல பசியாறினோம்ல, இவன் கை கழுவப் போனான். எனக்கு முன் டயரு கொஞ்சம் எறங்குன மாதிரி பட்டுச்சு. பக்கத்துல லோரி டயர்க் கடை. தள்ளிக்கிட்டுப் போயி காத்து அடிக்கச் சொன்னேன். பாலவனத்துலயே சொல்லிறலாம்னு பாத்தேன். முடியல."

லக்ஷ்மி அடுப்பை அணைத்தாள். சுகுமாறன் திருப்புளியை விடவில்லை.

"எவ்வளவு அடிச்சாங்க?" என்று மட்டும் கேட்டான்.

"நூத்திமுப்பது வந்துருச்சு, போதும்னாரு கடக்காரரு. நாந்தான் இன்னும் கொஞ்சம்னு சொன்னேன்."