ஸுவாக் பூசிய உதடு

கண்ணாடிக் கிண்ணத்தை வாயருகே பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். ஊறும் எச்சிலை விழுங்கக் கூடாது, பேசவும் கூடாது. வாய் நிறைந்ததும் கிண்ணத்தில் விட வேண்டும். ஸ்ஃபாக்ஸ் நகரத்துப் பல் ஆஸ்பத்திரியின் பின்கட்டு அறையில், சட்டை தைக்கும் ஆலையிலிருந்து வந்த பெண்கள் வரிசையாக உட்கார்ந்து இதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். ஆலையில் வாய் ஓயாமல் பேசும் கூட்டம் அது. இங்கே ஊமைகள்போல ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கும்.

"என் கல்யாண வாழ்க்கையில இப்படி ஒரு அமைதியப் பாத்ததில்ல" என்பாள் நெஸிஹா, கிண்ணங்களைச் சேகரித்தபடியே. "உங்க வீட்டு ஆம்பளைங்க டாக்டரம்மாவுக்குக் கோவில் கட்டலாம்னு நினைப்பாங்க, மார்க்கம்தான் தடுக்குது."

நெஸிஹா அந்த அறையைக் கூட்டித் துடைப்பவள், கிண்ணம் கழுவுபவள், குளிர்பெட்டியிலிருந்து பற்பசைக் குழாய்களை எடுத்துக் கொடுப்பவள். பற்பசையில் உயிருள்ள கிருமிகள் இருந்தன. கெட்ட கிருமிகள் அல்ல, ஈறுக்கு நன்மை செய்பவை. பல் துலக்கும்போது அவை வாயில் இறங்கித் தங்குமா என்பதுதான் சோதனையை நடத்தும் டாக்டர் அஹ்லெமின் கேள்வி. பாதிப் பெண்களுக்கு உயிருள்ள பசை, மீதிப் பேருக்கு வெறும் பசை. யாருக்கு எது என்று யாருக்கும் சொல்லப்படவில்லை. முதல் சோதனையில் பலருடைய எச்சிலில் அந்தக் கிருமிகள் இருந்தன. டாக்டர் அஹ்லெம் அன்று பாதாம் போட்ட தேநீர் வாங்கித் தந்தாள்.

தலெந்தா அந்த வரிசையில் நடுவில் உட்காருபவள். ஆலையில் சட்டைக் கழுத்துப் பட்டி தைப்பாள். அவள் கணவன் லாஸர் கட்டட வேலையில் சாரம் சரிந்து செத்துப்போனான். ஒப்பந்தக்காரன் சாரத்துக்கு இற்றுப்போன கயிறு கட்டியிருந்தான். வழக்கு என்ற ஒன்று நடக்கவே இல்லை. அதற்குப் பிறகு அவள் மாமியார் ஹாஜா மன்னூபிய்யாவின் வீட்டு மாடியில் இருந்தாள். துக்கம் காக்க வேண்டிய காலத்தை மார்க்கம் அளந்து வைத்திருக்கிறது. அது முடிந்து பல ஆண்டுகள் ஆகின்றன. மார்க்கம் விட்ட பிறகும் தெரு விடவில்லை. அவள் கண்ணுக்கு மை இட்டால் யாருக்காக என்று கேட்பார்கள். கைக்கு மருதாணி வைத்தால் மாமியாரின் காதுக்குப் போகும். செத்தவனைக் கொன்ற கயிற்றைப் பற்றி இத்தனை அக்கறையாக எவரும் விசாரித்ததில்லை.

ஆலையில் பக்கத்து எந்திரத்தில் உட்காரும் ரவ்யாவுக்குக் கல்யாணம் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் மணப்பெண்ணோடு எல்லாரும் ஹம்மாம் என்னும் பொது வெந்நீர்க் குளியல்கூடத்துக்குப் போவது வழக்கம். சோதனைக்கு வரும் பெண்களில் ஏறக்குறைய அத்தனை பேரும் போனார்கள். தலெந்தாவுடைய மாமியாரின் அண்ணன் மகள் ஸுஆத் மட்டும் அன்று வரவில்லை. அவளுக்கும் அதே ஆலையில்தான் வேலை, இதே சோதனைதான். வரிசையின் மறுகோடியில் உட்காருவாள். வெறும் பசைக்காரியோ உயிர்ப் பசைக்காரியோ, யாருக்குத் தெரியும்.

குளித்து முடித்து, ஆவி பறக்கும் கல்மேடையில் உட்கார்ந்ததும் ரவ்யாவின் அம்மா ஸுவாக் பட்டைகளைக் கொண்டுவந்தாள். அக்ரூட் மரத்தின் காய்ந்த பட்டை. மென்று பல்லில் தேய்த்தால் பல் வெளுக்கும், ஈறும் உதடும் செங்கல் நிறத்தில் சிவக்கும். பெண்கள் ஆளுக்கொன்றை எடுத்தார்கள். தலெந்தா எடுக்கவில்லை.

"எடுத்துக்கடி" என்றாள் ரவ்யா.

"எனக்கெதுக்கு."

"வாய் இருக்குல்ல, அதுக்கு."

"யாராவது பாத்தா?"

"இங்க எந்த ஆம்பள இருக்கான்? வெந்நீர் கொதிக்கவைக்கிற கிழவன்தான். அவனுக்குக் கண்ணும் தெரியாது, மூளையும் கிடையாது." ரவ்யா பட்டையை ஒடித்து அவள் வாயில் திணித்தாள். "மெல்லு. என் கல்யாணம். மறுத்தா அபசகுனம்."

தலெந்தா மென்றாள். பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கசப்பு. வாயெல்லாம் எரிந்தது. கண்ணில் நீர் வந்தது. சுவர்க் கண்ணாடியின் ஆவியைத் துடைத்துப் பார்த்தாள். சிவந்த உதட்டோடு ஒருத்தி நின்றாள். அவளை எங்கோ பார்த்த நினைவு இருந்தது. வீட்டுக்குப் போகும் முன் எலுமிச்சைத் தோலால் உதட்டைத் தேய்த்து நிறத்தை எடுத்தாள். எரிச்சல் மட்டும் மறுநாளும் இருந்தது.

அடுத்த சோதனைக்கு வந்தபோது டாக்டர் அஹ்லெம் வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். வேற பற்பசை போட்டீங்களா, வாய் கொப்பளிக்கிற மருந்து ஏதாவது, மாத்திரை ஏதாவது. இல்லை, இல்லை, இல்லை என்றார்கள் எல்லாரும். தலெந்தாவும் இல்லை என்றாள். ஒருத்தியும் பொய் சொல்லவில்லை. ஸுவாக் மருந்தும் இல்லை, பற்பசையும் இல்லை. அது அலங்காரம். கண்மை போட்டாயா என்று பல் டாக்டர் கேட்பாளா?

முடிவு வந்தது. கிருமிகள் அநேகமாக எவருடைய வாயிலும் இல்லை. துடைத்துவிட்டதுபோல் போயிருந்தன.

டாக்டர் அஹ்லெம் அப்போது விடுப்பில் இருந்தாள். அவளுக்கு மேலிருக்கும் பேராசிரியர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். குளிர்பெட்டியைப் பார்த்தார். அதன் பக்கத்தில் கிடந்த காபிக் கெண்டியைப் பார்த்தார். இரண்டுக்கும் சுவரில் ஒரே மின்துளைதான். காபி போட வேண்டுமென்றால் குளிர்பெட்டியின் கம்பியைப் பிடுங்க வேண்டும். அந்தக் கெண்டியில் எல்லாரும் காபி போட்டுக் குடித்திருந்தார்கள், பேராசிரியரும்தான். பிடுங்கியதும் மறுபடி மாட்டியதும் எல்லாரும்தான். ஆனால் குற்றத்துக்குத் தண்ணீரின் குணம் உண்டு. மாடியில் ஊற்றினாலும் கடைசிப் படியில் நிற்பவளின் காலைத்தான் நனைக்கும். நெஸிஹா மாட்ட மறந்தாள், பசை கெட்டது, கிருமிகள் செத்தன என்று முடிவாயிற்று. மிச்சமிருந்த குழாய்களைக் குப்பையில் போடச் சொன்னார். பெண்களும் வீட்டிலிருப்பதை எறிந்துவிட வேண்டும். ஒரு குழாயைப் பிதுக்கிச் சோதித்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும். ஆராய்ச்சி செய்யவே கட்டிய கட்டடத்தில் அதை மட்டும் செய்யவில்லை. டாக்டர் அஹ்லெம் விடுப்பு முடிந்து வந்து பதறியபோது குப்பை வண்டி போயிருந்தது. நெஸிஹாவும் போயிருந்தாள்.

டாக்டர் அஹ்லெம் பெண்களை மறுபடி கூப்பிட்டாள். "பசை, மருந்துன்னு மட்டும் இல்ல" என்றாள். "கிராம்பு மாதிரி ஏதாவது? காரமா, கசப்பா, வாய் எரியற மாதிரி? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. ஒரு பொம்பளையோட வேலை போயிருக்கு."

"மிளகா அரைச்ச ஹரிஸ்ஸா தின்னோம்" என்றாள் ஒருத்தி. "அது இல்லாம சோறு இறங்குமா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர்களுக்கு ஸுவாக் எரிந்ததாகவே நினைவில்லை. கல்யாணத்துக்குக் கல்யாணம் மென்று பழகிய வாய்கள். எரிந்த வாய் ஒன்றுதான், பல ஆண்டுகள் பட்டினி கிடந்த தலெந்தாவின் வாய். அந்த நொடியே அவளுக்கு ஹம்மாமில் மென்ற பட்டை நினைவுக்கு வந்தது. டாக்டரின் பார்வை வரிசையில் ஒவ்வொரு முகமாக நகர்ந்து வந்தது.

"நீங்க?"

வரிசையின் மறுகோடியில் ஸுஆத் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல டாக்டரம்மா" என்றாள் தலெந்தா.

முதல் முறை சொன்ன 'இல்லை' தவறு. இது பொய். இரண்டுக்கும் நடுவில் இருப்பது எவ்வளவு தூரம் என்று வீடு வரும் வழியெல்லாம் அவளுக்குத் தெரிந்தது. அன்று கிளம்பும்போதே ஆஸ்பத்திரி வாசலில் நெஸிஹா ஒரு துணிப்பையோடு நின்றுகொண்டிருந்தாள், பேராசிரியரைப் பார்க்க.

"தலெந்தா, நில்லு. நீ ஒழுங்கா வர்ற பொண்ணு. நான் கம்பியப் பிடுங்கிட்டு மாட்டாம விட்டத எப்பவாவது பாத்திருக்கியா?"

"இல்லக்கா."

"அத மட்டும் உள்ள வந்து சொல்லேன். நான் சொன்னா அழுகைன்னு நினைக்கறாங்க. ரெண்டாவது ஆள் சொன்னா சாட்சி."

"பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா."

"ஆமா, பஸ் போயிரும்" என்றாள் நெஸிஹா, கோபமே இல்லாமல். "நீ போ."

கோபப்பட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். நெஸிஹா கடைசியாக எடுத்துக் கொடுத்த பற்பசைக் குழாய் தலெந்தாவின் வீட்டுக் குளிர்பெட்டியில் ஹரிஸ்ஸா புட்டிக்குப் பின்னால் இருந்தது. எறிய வேண்டியதுதான். குப்பைக்கூடை வரை இரண்டு தடவை கொண்டுபோனாள். கையில் நெஸிஹாவையே தூக்கிப் போவதுபோல் இருந்தது. திரும்பக் கொண்டுவந்து வைத்தாள். ஆலையில் சட்டைக் கழுத்துகள் கோணலாயின. மேற்பார்வையாளன் திட்டினான். லாஸர் செத்த அன்று சாரத்தடியில் நின்ற வேலையாட்கள் அத்தனை பேரும் கயிற்றைப் பார்த்திருந்தார்கள். ஒருவன்கூட வாய் திறக்கவில்லை. அவர்களை அவள் இத்தனை ஆண்டுகளாகச் சபித்துவந்தாள். அவர்களுக்கும் ஏதாவது பஸ் இருந்திருக்கும்.

ஆலை விடுமுறை நாளில் தேனிலவிலிருந்து திரும்பிய ரவ்யாவின் வீட்டுக்குப் போய் ஒரு பட்டை வாங்கி வந்தாள். கண்ணாடி முன் நின்று மென்றாள். வெறும் வாயோடு போனால் அந்த வாய் மறுபடியும் இல்லை என்றே சொல்லும் என்று அவளுக்குப் பயம். சிவந்த பிறகு பொய்க்கு இடமில்லை. குழாயைத் துணியில் சுற்றிக்கொண்டு மாடிப்படி இறங்கினாள்.

கீழே ஹாஜா மன்னூபிய்யா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தவள் உரிப்பதை நிறுத்தினாள்.

"இந்த வாயோட எங்க போற?"

"ஆஸ்பத்திரிக்கு."

"யாரப் பாக்க?"

"நெஸிஹான்னு ஒரு பொம்பளைக்காக."

"என் பையன் மண்ணுக்குள்ள இருக்கான்."

"தெரியும் அம்மா. அன்னைக்கு ஒருத்தராவது வாயத் தொறந்திருந்தா அந்த ஒப்பந்தக்காரன் ஜெயில்ல இருந்திருப்பான். நான் தொறக்கப் போறேன்."

 கிழவியின் மடியிலிருந்து ஒரு பட்டாணி உருண்டு படியடியில் நின்றது. இருவருமே அதை எடுக்கவில்லை.

டாக்டர் அஹ்லெம் முதலில் அவள் உதட்டைத்தான் பார்த்தாள். பிறகு நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "எங்க அம்மா வாரத்துக்கு ஒரு தடவை பூசுவாங்க" என்றாள். "எனக்குக் கேக்கணும்னே தோணல பாருங்க."

"எனக்குத் தோணுச்சு டாக்டரம்மா. போன தடவை நீங்க கேட்டப்பவே. தோணியும் இல்லன்னேன்."

டாக்டர் குழாயை வாங்கிக்கொண்டாள். சில நாளில் கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டுகள் இரண்டைக் காட்டினாள். ஒன்றில் அந்தக் குழாயின் பசையிலிருந்து கிருமிகள் வெள்ளைப் புள்ளிகளாகச் செழித்திருந்தன. ஆஸ்பத்திரிக் குளிர்பெட்டி அவற்றைக் கொல்லவில்லை. இன்னொன்றில் நடுவே ஸுவாக் துண்டு, சுற்றிலும் ஒரு வெற்று வளையம். வளையத்துக்கு வெளியேதான் புள்ளிகள். "இது தட்டுல நடந்தது" என்றாள் டாக்டர். "வாயில இப்படித்தான் நடந்துச்சான்னு இனிமேதான் பாக்கணும். ஆனா நெஸிஹா மேல தப்பில்லைங்கறதுக்கு முதல் தட்டே போதும்."

நெஸிஹாவைத் திரும்ப எடுத்தார்கள். பேராசிரியர் மன்னிப்புக் கேட்கவில்லை. நடைமுறைத் திருத்தம் என்று ஒரு அறிவிப்பு ஒட்டினார். கெண்டியை மாடிக்கு எடுத்துப் போனார். சோதனை முதலிலிருந்து தொடங்கியது. இந்தத் தடவை டாக்டர் பெயர் சொல்லியே கேட்டாள்: ஸுவாக் பூசினீங்களா? பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஸுஆத் மட்டும் தலெந்தாவின் வாயை ஓரக்கண்ணால் பார்த்தாள். பார்க்கட்டும் என்று தலெந்தா இருந்தாள்.

வரிசை ஊமையானது. நெஸிஹா கிண்ணங்களைக் கொடுத்துக்கொண்டே வந்தாள். மற்றவர்களிடம் ஏதாவது கேலி சொன்னாள். தலெந்தாவிடம் வந்ததும் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி பேசினாள்.

"பூசிக்கிட்டே வந்து சொன்ன பாரு, அது சரிதான். வாசல்ல நான் கேட்டேனே, அன்னைக்கே சொல்லியிருந்தா இன்னும் சரி. என் மக என்னத் திருடி மாதிரி பாத்தா, அந்தக் கொஞ்ச நாள்."

தலெந்தா தலை நிமிர்ந்தாள். மன்னிச்சிரு அக்கா என்று சொல்ல வேண்டும். வாயில் எச்சில் நிறைந்துகொண்டிருந்தது. விழுங்கக் கூடாது, பேசவும் கூடாது. நெஸிஹாவுக்கு அந்த விதி தெரியும். தெரிந்தேதான் அந்த நேரம் பார்த்துச் சொன்னாளோ என்னவோ, அடுத்த கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.